யானைக் காவலுக்கு '30×60' பைனாகுலர் வாங்கி ஏமாறாதீர்கள்

படுவான்கரைப் பக்கம் வேளாண்மை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் 8,500 ரூபாய்க்கு பைனாகுலர் ஒன்று வாங்கினேன். பெட்டியில் '30×60, இரவிலும் பகல்போல்' என்று போட்டிருந்தது. முன்கண்ணாடி சிவப்பாகப் பளபளத்தது. கடைக்காரர் வாசலில் நின்று தெருமுனைப் பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொன்னார். நன்றாகத்தான் தெரிந்தது. நடுப்பகல் அல்லவா!

அன்று பொழுதுபட்டு அரை மணி நேரம் இருக்கும். குளக்கட்டுப் பக்கம் கிளை முறியும் சத்தம். காவல் வாடியிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் உள்ளே ஒரே மங்கல். வெறும் கண்ணுக்குத் தெரிந்த மரங்கள்கூட அதில் தெரியவில்லை. "ஒண்டுமில்ல மச்சான், பத்தைதான்" என்று நானே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மச்சான் டோர்ச் அடித்தபோது யானை 40 அடியில் நின்றது. இரண்டு பேரும் ஓடித்தான் தப்பினோம். இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

பிறகுதான் கணக்குப் புரிந்தது. முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அகலத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு. இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயது போகப்போகக் குறையும். கண்மணி விரிந்தாலும் ஒளிவட்டம் சின்னதென்றால் மங்கலாகத்தான் தெரியும். 60ஐ 30ஆல் வகுத்தால் வெறும் 2! பெட்டியில் போட்டிருந்தது உண்மையாக இருந்தாலும் அந்தச் சாமான் இருட்டுக்கு உதவாது. அதுவும் பொய். அடிமட்டம் வைத்து அளந்தேன், முன்கண்ணாடி 25 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தச் சிவப்புப் பூச்சும் வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

வாழைச்சேனையில் கடலுக்குப் போகும் சித்தப்பாவிடம் பழைய 7×50 ஒன்று இருக்கிறது. 50ஐ 7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7. இரவல் வாங்கிவந்து அதே நேரம் அதே குளக்கட்டைப் பார்த்தேன். மாடு எது, பற்றை எது என்று பிரித்துத் தெரிந்தது. பாரம் என்றால் 8×42 எடுக்கலாம். முற்றாக இருட்டிவிட்டால் இவை எதுவும் உதவாது, டோர்ச்தான்.

கடையில் பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வானத்துப் பக்கம் திருப்பி, கண் வைக்கும் கண்ணாடியைப் பாருங்கள். அதில் தெரியும் வெளிச்ச வட்டம் சின்னப் புள்ளியாகவோ ஓரம் வெட்டுப்பட்டோ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது "வித்த சாமான் எடுக்கமாட்டம்" என்றார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து முறையிடலாம் என்றால் என்னிடம் பில் இல்லை. கேட்டு வாங்காமல் வந்தது என் பிழை. நீங்கள் பில்லில் '7×50' என்றே எழுதி வாங்குங்கள்.