விதைப்பந்தா, நாற்றுப் பையா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கோடை விடுமுறையிலேயே பிள்ளைகள் புளி, புங்கன் விதைகளைச் சேர்த்துவிடலாம். மரம் வளர்க்க, அவற்றை மண்ணில் பொதிந்து பந்தாக உருட்டுவதா, மண் நிரப்பிய பையில் முளைக்க வைப்பதா?

பந்துக்குச் சலித்த செம்மண் 3 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. எலுமிச்சை அளவில் உருட்டி, நடுவே விதை வைத்து, நிழலில் 2 நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். தண்ணீர் கூடினால் விதை உள்ளேயே முளைவிட்டு, பந்து காயும்போது கருகிவிடும். வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழக்கும். ஆனி, ஆடியில் பொறுக்கியதைச் சேர்த்து வைக்காமல் உடனே பயன்படுத்துங்கள். பெரிய தவறு, பந்தை வீசியெறிவதுதான். கட்டாந்தரையில் விழுந்தது முளைத்தாலும் ஆடு மேய்ந்துவிடும். நல்ல மழைக்குப் பின், முள்புதர் ஓரம் மண்ணைக் கிளறி வைப்பதே சரி.

பை வேலைக்குப் பொறுமை வேண்டும். பிள்ளைகள் கற்பதோ அதிகம். செம்மண் 2, மணல் 1, தொழுவுரம் 1. அடியில் ஓட்டை இல்லையென்றால் வேர் அழுகும். புளியங்கொட்டையை ஓர் இரவு ஊறவைத்து, விரற்கடை ஆழத்தில் ஊன்றலாம். ஆனியில் ஊன்றியதை ஐப்பசி மழையில் நடலாம். அதற்கு மேலும் பையிலேயே விட்டால் வேர் சுருண்டுகொள்ளும். நட்ட கன்றுக்குத் தை முதல் வைகாசி வரை வாரம் இருமுறை தண்ணீர் ஊற்ற ஆள் உண்டென்றால் பைதான் நல்லது. ஒருநாள் பள்ளி உலாவுக்குப் பந்து போதும்.