கேமராவுக்குக் கரண்ட்: வயரா, பேட்டரியா?

வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா வாங்கப் போனால் எல்லோரும் எத்தனை மெகாபிக்சல் என்றுதான் கேட்கிறோம். கரண்ட் எங்கிருந்து வரும் என்ற யோசனை, மாட்டுகிறவர் ஏணியோடு வந்து நிற்கும்போதுதான் வருகிறது. ஆனால் கேமரா விழித்திருக்குமா, தூங்குமா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வயர் கேமரா இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருக்கும். பேட்டரி கேமரா சார்ஜை மிச்சம் பிடிக்கப் பெரும்பாலும் தூங்கும். உடல் சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சார் தட்டி எழுப்பினால்தான் பதிவு தொடங்கும். அதற்குள் ஓரிரு நொடி போய்விட்டால், வந்தவனின் முதுகுதான் மிஞ்சும். சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை: சுவரும் தரையும் மனித உடம்பு அளவுக்குச் சூடேறியிருக்கும்போது, அந்தச் சென்சாருக்கு ஆள் எது, சுவர் எது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம்.

சரி, வயர் என்றால் எந்த வயர்? பழைய முறை 12 வோல்ட் சப்ளை, படத்துக்கும் கரண்டுக்கும் சேர்த்தே வயர்கள் உள்ள 3+1 கேபிள். "பகல்ல நல்லா தெரியுது, ராத்திரி மட்டும் ஆஃப் ஆகுது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இருட்டியதும், ராத்திரியிலும் படம் தெரிய வைக்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், கரண்ட் அதிகம் இழுக்கும். மெல்லிய வயரின் கடைசியில் வோல்டேஜ் இறங்கிவிடும். பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்) முறையில் நெட்வொர்க் கேபிளிலேயே சுமார் 48 வோல்ட் போவதால் இந்த இழப்பு குறைவு. 100 மீட்டர் வரை இழுக்கலாம். 2003-இல் வந்த 802.3ஏ.எஃப். என்ற பி.ஓ.இ. தரப்படி, கேமரா கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒவ்வொரு கேபிளுக்கும் 15.4 வாட் தரும், கேமராவுக்கு 12.95 வாட் கிடைக்கும். வீட்டுக் கேமராவுக்கு அது தாராளம். கேபிள் மட்டும் சுத்தச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதையும் அதே பெயரில் விற்கிறார்கள்.

வயரின் பலவீனம் கரண்ட் கட். நம் ஊரில் மீட்டர் பெட்டி பெரும்பாலும் வெளி வராந்தாவில்தான். ஃபியூஸைப் பிடுங்க யாராலும் முடியும். அதனால் ரெக்கார்டர், பி.ஓ.இ. ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். நான்கு கேமராவோடு மொத்தம் 40 வாட் என்று வைத்தால், இரண்டு மாத பில்லில் 58 யூனிட் வரை ஏறும். இந்த இடத்தில் பேட்டரி கேமராவுக்கு வெற்றி என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அணைந்தால் அதனாலும் போனுக்குச் செய்தி அனுப்ப முடியாது. மெமரி கார்டு போட்டிருந்தால்தான் பதிவாவது மிஞ்சும்.

அப்புறம் சார்ஜ். பேட்டரி கேமராவின் பெட்டியில் இத்தனை மாதம் நிற்கும் என்று போட்டிருக்கும் கணக்கு, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்குத்தான். தெருவைப் பார்த்த கேட்டில் வைத்தால் சில வாரங்களிலேயே கழற்ற வேண்டி வரலாம். சோலார் பேனல் உதவும், ஐப்பசி அடைமழையில் அதுவும் சுணங்கும். மேற்குச் சுவர் வெயிலில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். இருந்தாலும் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, பேட்டரிதான்.

எங்கள் வீட்டில் கேட்டுக்கும் கொல்லைக் கதவுக்கும் பி.ஓ.இ. மொட்டை மாடியில் மட்டும் ஒரு பேட்டரி கேமரா. துணி காயப்போடப் போகிறவர் அதன் சார்ஜையும் பார்த்துவிட்டு வருவார்.