ஒரே போன், இரண்டு கொரியா: செல்பேசிச் சேவை ஒப்பீடு

வட கொரியாவில் விற்கும் 'பியோங்யாங் 2418' போனையும் தென் கொரியாவில் விற்கும் ஒரு நடுத்தர விலைப் போனையும் அருகருகே வைத்தால், எது எந்தப் பக்கத்தது என்று சட்டென்று சொல்ல முடியாது. இரண்டிலும் தொடுதிரை, கேமரா, உள்ளே ஆண்ட்ராய்டு. இரு கொரியாக்களின் வாழ்க்கையையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக வருமானத்திலும் உணவிலும் தொடங்குவார்கள். செல்பேசிச் சேவையை எடுத்துக்கொண்டால் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். வாங்குவது, கட்டணம் கட்டுவது, சார்ஜ் போடுவது, பேசுவது, கோளாறு வந்தால் முறையிடுவது என்று இரு பக்கத்துக்காரரும் அன்றாடம் செய்கிற காரியம் இது. வடக்கைப் பற்றி இங்கே சொல்பவை, வெளியே வந்து சேர்ந்த கருவிகளை ஆராய்ந்ததிலும், அங்கிருந்து தப்பி வந்தவர்கள் சொன்னதிலும் தெரிந்தவை.

முதலில் வாங்குவது. தெற்கில் எஸ்கே டெலிகாம், கேடி, எல்ஜி யூபிளஸ் என்று மூன்று பெரிய நிறுவனங்கள். அவர்களுடைய நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து நடத்தும் மலிவுச் சேவைகள் தனியாக உண்டு. 'அல்தூல்போன்', அதாவது சிக்கனப் போன் என்பார்கள். அதிகம் டேட்டா செலவழிக்காதவர்களுக்கு அதுவே போதும். அடையாள அட்டையோடு கடைக்குப் போனால் அன்றே எண் கிடைத்துவிடும். 2004-லிருந்து எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம். கருவிக்குக் கொடுக்கும் மானியத்தை ஒழுங்குபடுத்த 2014-ல் கொண்டுவந்த சட்டம் 2025 ஜூலை 22-ல் நீக்கப்பட்டது. ஆகவே கடைக்குக் கடை விலை மாறும். மாதக் கட்டணம், கருவித் தவணை, இடையில் விலகினால் கட்டவேண்டிய தொகை ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 'போன் இலவசம்' என்ற பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும்.

வடக்கில் வாங்குவது ஒரு விண்ணப்பம். பெயர், முகவரி, வேலையிடம் எல்லாம் எழுதிக் கொடுத்து, அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் பெயரில் ஓர் எண் என்பதுதான் விதி. இரண்டாவது எண் தேவைப்படும் வியாபாரிகள், போன் வாங்க வசதியில்லாத ஒருவருக்குப் பணம் கொடுத்து அவர் பெயரில் எடுப்பார்கள். இந்தக் குறுக்குவழி ஊரறிந்த ஒன்று. ஆனால் பிடிபட்டால் இருவருக்கும் சிக்கல். கருவியின் விலை நூற்றுக்கணக்கான டாலர்.

அங்கே சேவை தொடங்கிய கதையையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வாடிக்கையாளருக்கு என்ன பாதுகாப்பு என்பது அதிலேயே தெரியும். 2002 நவம்பரில் பியோங்யாங்கில் முதல் செல்பேசிச் சேவை வந்தது. 2004 ஏப்ரல் 22-ல் ரியோங்சோன் ரயில் நிலையத்தில் பெரும் வெடிப்பு. அடுத்த மாதமே பொதுமக்களுக்குச் செல்பேசி தடை. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் கருவி மட்டும் மிஞ்சியது. பிறகு 2008 டிசம்பரில் எகிப்தின் ஒராஸ்காம் 75 விழுக்காடும் வட கொரிய அரசு அஞ்சல் தொலைத்தொடர்பு நிறுவனம் 25 விழுக்காடும் போட்டு 'கொர்யோலிங்க்' என்ற 3ஜி சேவையைத் தொடங்கின. 2012 பிப்ரவரியில் 10 லட்சம் வாடிக்கையாளர்கள், 2013 மே மாதத்தில் 20 லட்சம். வளர்ச்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லாபத்தை வெளியே எடுத்துப் போக ஒராஸ்காமால் முடியவில்லை. அரசே 'காங்சோங்' என்று போட்டி நெட்வொர்க் ஒன்றை இறக்கியது. கொர்யோலிங்க் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று 2015-ல் ஒராஸ்காம் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. முக்கால் பங்கு வைத்திருந்த முதலாளிக்கே இந்த நிலை.

கட்டணத்தைப் பார்த்தால் முதலில் மலிவாகத் தெரியும். நெடுங்காலம் இருந்த அடிப்படைத் திட்டம் மூன்று மாதத்துக்கு 2,850 வட கொரிய வொன்; மாதம் 200 நிமிடப் பேச்சும் 20 குறுஞ்செய்தியும் கிடைக்கும். சந்தை மாற்று விகிதம் டாலருக்கு 8,000 வொன் அளவில் இருந்த காலத்தில் இது அரை டாலர்கூட இல்லை. பிடி இருப்பது 201-ஆவது நிமிடத்தில். கூடுதல் நிமிடங்களை யுவானிலோ டாலரிலோதான் வாங்க வேண்டும். அதே காலத்தில் அரசு வேலையின் மாதச் சம்பளம் சில ஆயிரம் வொன், சந்தையில் ஒரு கிலோ அரிசி சுமார் 5,000 வொன். அப்படியானால் போன் வைத்திருப்பவர்கள் எதில் வாழ்கிறார்கள்? சந்தை வியாபாரத்தில். அங்கேதான் இந்தச் சேவையின் உண்மையான பயன் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஒரு நகரத்தில் அரிசி என்ன விலை, லாரி எப்போது கிளம்புகிறது, சரக்கு வந்ததா என்று உடனே கேட்டுக்கொள்ள முடிந்ததால் ஊருக்கு ஊர் இருந்த விலை வித்தியாசம் குறைந்தது. பேச்சு நிமிடங்களை இன்னொருவர் எண்ணுக்கு மாற்றலாம் என்பதால் மக்கள் அதையே பணம்போல் கைமாற்றத் தொடங்கினார்கள். பஞ்சத்தில் அடிபட்டுத் தாங்களே சந்தையை உருவாக்கிக்கொண்ட மக்கள், கொடுத்த கருவியிலும் தங்களுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சார்ஜ் போடுவது தெற்கில் யாரும் யோசிக்காத விஷயம். ஒரு வீட்டுக்கு ஆண்டு முழுவதும் மின்தடை சராசரியாக 10 நிமிடத்துக்கும் குறைவு. வடக்கில் நீர்மின்சாரத்தை நம்பியிருப்பதால் நீர் உறையும் குளிர்காலத்தில் தட்டுப்பாடு அதிகம். வழி என்னவென்றால், சீனாவிலிருந்து வரும் சிறிய சூரியத் தகடு ஒன்றைப் பால்கனியில் மாட்டி, அதை 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, பகலில் ஏற்றிக்கொள்வது. இரவில் ஓர் எல்இடி விளக்குக்கும் போனுக்கும் அது போதும். அடுக்குமாடி வீடுகளில் வரிசையாகத் தகடுகள் தெரிகிற படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இனி கருவியின் உள்ளே. இங்குதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வட கொரிய ஆண்ட்ராய்டில் திறந்த இணையம் கிடையாது; 'குவாங்மியோங்' என்ற உள்நாட்டு வலைப்பின்னல் மட்டும். உள்ளூர் வாடிக்கையாளர் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. நாட்டுக்குள் இருக்கும் வெளிநாட்டவரின் எண்ணுக்கும் பேச முடியாது, இரண்டும் தனித்தனி வட்டங்கள். செயலி வேண்டுமென்றால் கடைக்குப் போய்க் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும்.

'ஊலிம்' என்ற வட கொரிய டேப்லெட்டை ஜெர்மன் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2016 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் விளக்கினார்கள். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் மின் கையொப்பம் தேவை. 'நேட்டிசைன்' என்பது அரசின் கையொப்பம். அரசு அனுமதித்த படம், பாட்டு, ஆவணங்களில் இருக்கும். 'செல்ஃப்சைன்' என்பது அந்தக் கருவியின் சொந்தக் கையொப்பம்; அந்தக் கருவியிலேயே எடுத்த புகைப்படம் போன்றவற்றில் இருக்கும். இரண்டும் இல்லாத கோப்பு திறக்காது. மெமரி கார்டில் யாரோ கொடுத்த தென் கொரிய நாடகம் ஓடாது. ஒருவர் கருவியில் எடுத்த படம் இன்னொருவர் கருவியிலும் திறக்காது. பயனாளர் 'இது ஏன் திறக்கவில்லை' என்று குழம்பினால், பழுது எதுவும் இல்லை. கருவி செய்யச் சொன்னதைச் செய்கிறது.

இன்னொன்று 'டிரேஸ்வியூவர்'. பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே திரையைப் படமெடுத்துச் சேமிக்கும். அந்தப் படங்கள் இருப்பதைப் பயனாளர் பார்க்கலாம், அழிக்க முடியாது. பார்க்க முடிவதுதான் இதன் நோக்கம் என்பது என் கணிப்பு. யாரும் வந்து சோதிக்காவிட்டாலும், சோதித்தால் என்ன தெரியும் என்பது கையிலேயே இருக்கிறது.

2025-ல் வெளிச்சத்துக்கு வந்த, கடத்திவரப்பட்ட ஒரு வட கொரியப் போனில் விசைப்பலகையே தணிக்கை வேலை செய்கிறது. தெற்கில் இளம்பெண்கள் காதலனை 'ஓப்பா' என்று அழைப்பது வழக்கம். அந்தப் போனில் 'ஓப்பா' என்று தட்டினால் 'தோழர்' என்று மாறும். உடன்பிறந்த அண்ணனுக்கு மட்டுமே அந்தச் சொல் என்று எச்சரிக்கையும் வரும். தென் கொரியா என்று எழுதினால் 'பொம்மை' ஆட்சி என்ற பொருள்படும் சொல்லாக மாற்றிவிடும். இதை வெறும் திருத்தி எழுதும் வசதி என்று விட்டுவிட முடியாது. வெளிநாட்டுப் பண்பாட்டைத் தடுக்க வடக்கு 2020 டிசம்பரில் கொண்டுவந்த சட்டப்படி தென் கொரிய நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு 15 ஆண்டுவரை கட்டாய உழைப்புத் தண்டனை. பரப்பினால் மரண தண்டனைவரை போகலாம். 2023 ஜனவரியில் தெற்குப் பேச்சு வழக்கைப் பயன்படுத்துவதற்கே தனிச் சட்டம் வந்தது. ஒரு சொல்லைத் தட்டியதற்குச் சிறைக்குப் போகக்கூடிய நாட்டில், அந்தச் சொல்லைத் தட்டியதற்கான சாட்சியையும் போனே சேர்த்து வைக்கிறது.

தெற்குச் சேவைக்கு வருவோம். குறைகள் கனமானவைதான். 2019 ஏப்ரல் 3-ல் 5ஜி தொடங்கியபோது எல்டிஇ எனும் 4ஜி-யைவிட 20 மடங்கு வேகம் என்று விளம்பரம் செய்தார்கள்; வாடிக்கையாளர் கையில் அது ஒருபோதும் வரவில்லை. அந்த வேகத்துக்குத் தேவையான 28 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக் கோபுரங்களைப் போதுமான அளவு நிறுவவே இல்லை. அந்த அலைக்கற்றை உரிமத்தை அரசு மூன்று நிறுவனங்களிடமிருந்தும் 2022, 2023-ல் பறித்தது. 2023 மே மாதம் நியாய வணிக ஆணையம் மூவருக்கும் சேர்த்து 3,360 கோடி வொன் அபராதம் போட்டது. 2018 நவம்பர் 24-ல் தலைநகர் சியோலின் அஹியோன் பகுதிக் கேடி நிலையத்தில் தீப்பிடித்தபோது சுற்றுவட்டாரத்தில் போனோடு கடைகளின் அட்டை இயந்திரங்களும் நின்றன. சிறு வியாபாரிகளுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வொன்வரை இழப்பீடு தரவேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் எஸ்கே டெலிகாமில் ஊடுருவல். சுமார் 2 கோடியே 30 லட்சம் பேரின் சிம் விவரங்கள் கசிந்தன. சிம்மை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள், கையிருப்பில் அத்தனை சிம் இல்லை. கடை வாசலில் நீண்ட வரிசைகள். தெற்கில் வங்கி, அரசு அலுவலகம், இணையக் கடை எல்லாவற்றுக்கும் அடையாளச் சரிபார்ப்பு போன் எண் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் கசிந்தது வெறும் எண் என்று அலட்சியப்படுத்த முடியாது. பயந்தவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் இந்தப் பத்தியை இத்தனை விவரத்தோடு எழுத முடிவதைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது, விலகுவதற்கான அபராதத்தை ஜூலை 14 வரை தள்ளுபடி செய்யவேண்டி வந்தது, வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கில் எண்ணோடு வேறு நிறுவனத்துக்குப் போனார்கள், ஆகஸ்டில் சுமார் 13,480 கோடி வொன் அபராதம் விழுந்தது. கொர்யோலிங்கில் இப்படி ஒரு கசிவு நடந்ததா என்று கேட்கக்கூட ஓர் அலுவலகம் இல்லை.

கண்காணிப்பு தெற்கிலும் உண்டு. வட கொரிய இணையதளங்கள் அங்கே முடக்கப்படுகின்றன. 1948-ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வடக்கைப் புகழ்வதையே குற்றமாக்குகிறது. 2023 செப்டம்பரிலும் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. என் பார்வையில் இது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. சந்தாதாரர் விவரங்களைப் புலனாய்வாளர்கள் சொல்லாமல் எடுப்பது செல்லாது என்று அதே நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. 2024 தொடக்கத்திலிருந்து எடுத்தால் எடுத்ததாகப் பயனாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெற்கில் எண் வைத்திருப்பவர் அந்த அறிவிப்பு வந்தால் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வழக்குக்கு அதுவே ஆதாரம்.

2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். முதல் ஆணையே ஊடகங்களைப் படையின் கட்டுப்பாட்டில் வைத்தது. நெட்வொர்க் ஓடிக்கொண்டே இருந்தது. மக்கள் போனில் நேரலை பார்த்தபடியே நாடாளுமன்றத்துக்குக் கிளம்பினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் மதில் ஏறிக் குதித்ததும் அவருடைய நேரலையிலேயே தெரிந்தது. நள்ளிரவு ஒரு மணி அளவில் 190 உறுப்பினர்கள் கூடி அறிவிப்பை நீக்கும்படி வாக்களித்தார்கள். ஒரு சேவையை மதிப்பிட இதைவிடக் கடினமான சோதனை இருக்க முடியாது.

இரண்டு சேவைகளுக்கும் இடையே நேரடி இணைப்பு கிடையாது. தெற்கிலிருந்து 850 என்ற நாட்டு எண்ணுக்கு அழைப்பு போகாது. வடக்கில் உள்ள உறவினரோடு பேசுவதற்கும் தெற்கில், வடக்கு தொடர்பான விஷயங்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெற்கில் குடியேறிய சுமார் 34,000 வடக்கத்தியர் தாயோடும் பிள்ளையோடும் பேச ஒரே வழி, வடக்கில் சீன எல்லையை ஒட்டிய ஹேசான் போன்ற நகரங்களில் ஒளித்து வைக்கப்படும் சீன சிம் போட்ட போன். இடைத்தரகர் போனோடு வருவார். சீனக் கோபுரத்தின் அலை எட்டும் மேட்டுக்கு உறவினர் நடந்து போக வேண்டும். அனுப்பும் பணத்தில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ தரகு போகும். அலையைத் தடுக்கும் கருவியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் எல்லையில் இருப்பதால், பேச்சைச் சில நிமிடங்களில் முடித்து, பேட்டரியைக் கழற்றி, இடம் மாறிவிட வேண்டும்.