அலை மின்சாரக் கணக்கு: அட்டவணையா, உருவகப்படுத்தலா?

கடல் அலைக் கருவி ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் தரும்? கணக்கிட இரண்டு வழிகள். ஒன்று திறன் அட்டவணை: ஒரு பக்கம் அலை உயரம், மறுபக்கம் அலைக்காலம் (ஓர் அலைக்குப் பின் அடுத்தது வர ஆகும் நொடிகள்), கட்டத்துக்குள் கிலோவாட். மற்றது, கருவியின் அசைவை நொடி நொடியாகக் கணிக்கும் உருவகப்படுத்தல்.

செலவு: அட்டவணைக்கு எக்செல் போதும். உருவகப்படுத்தலுக்கான வெக்-சிம் (WEC-Sim) மென்பொருள் இலவசம்தான். அது ஓடத் தேவையான மேட்லேப் (MATLAB) என்ற கணக்கீட்டு மென்பொருள் இலவசமில்லை.

உழைப்பு: 2 மீட்டர், 8 நொடிக் கட்டத்தில் 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அந்த அலை ஆண்டில் 438 மணி நேரம் வந்தால் 43,800 யூனிட். எல்லாக் கட்டங்களையும் இப்படிக் கூட்டினால் முடிந்தது. உருவகப்படுத்தலில் ஒவ்வொரு கட்டமும் தனி ஓட்டம்.

நம்பகம்: பலர் சறுக்குவது இங்கேதான். பல அட்டவணைகளின் அலைக்காலம் ஆற்றல் காலத்தில், அதாவது அலைகளின் ஆற்றலை வைத்துக் கணக்கிட்ட சராசரிக் காலத்தில், இருக்கும். கையில் கிடைக்கும் அலைத் தரவோ பல நேரம் உச்சக் காலத்தில், அதாவது ஆற்றல் மிக அதிகமாக உள்ள அலைகளின் காலத்தில், இருக்கும். உச்சக் காலம் பொதுவாக நீளமானது. மாற்றாமல் போட்டால் பக்கத்துக் கட்டத்தின் கிலோவாட்டை எடுத்துக்கொண்டிருப்போம். விடை பார்க்க அழகாகவே இருக்கும்!

பத்துக் கடற்கரைகளில் ஒன்றைத் தேர்வு செய்ய அட்டவணையே போதும். நங்கூரத்தையோ கட்டுப்பாட்டு முறையையோ மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் உருவகப்படுத்தல்தான். பழைய அட்டவணை அப்போது செல்லாது.