உப்புக்காற்றில் எது நிற்கும்? ஸ்மார்ட் ஆக்சுவேட்டரும் சாதாரண ஆக்சுவேட்டரும்

ஐந்து வருஷம் ஓடிய ஒரு ஆக்சுவேட்டரின், அதாவது வால்வைத் திறந்து மூடும் மோட்டார் பெட்டியின், மூடியைக் கழற்றிப் பாருங்கள். மதுரைப் பக்கத்து ஆலையில் நின்றதென்றால் உள்ளே கொஞ்சம் தூசி இருக்கும், கிரீஸ் சற்றுக் கெட்டியாகியிருக்கும். அதே ஆக்சுவேட்டர் வாலிநோக்கத்திலோ மண்டபத்திலோ கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தால் டெர்மினல் ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகக் கிடக்கும். வால்வு முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்சை விரலால் அழுத்தினால் ‘டிக்’ சத்தம் வராது; பிசுபிசுவென்று உள்ளே போய் அங்கேயே நின்றுவிடும்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ராமநாதபுரம் கரையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ‘ஸ்மார்ட் வாங்கலாமா அண்ணே, சாதாரணமே போதுமா?’ என்று புதிதாக வரும் தம்பிகள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ‘அந்த மூடியை வருஷத்துக்கு எத்தனை தடவை திறப்பே?’

ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் சோழகம் அடித்தாலும் இங்கே காற்றில் உப்பு உண்டு. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் போட்டார்கள். நரிப்பையூரில் 1990களிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துவிட்டது. வழுதூரில் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலைகளில் வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர் பெரும்பாலும் வெட்டவெளியில்தான் நிற்கும்.

சாதாரண ஆக்சுவேட்டரில் மூன்று ஃபேஸ் மோட்டார், வார்ம் கியர், திறந்த முனைக்கும் மூடிய முனைக்கும் லிமிட் ஸ்விட்ச், சுழற்றும் விசை (டார்க்) எல்லை மீறினால் நிறுத்த இரு திசைக்கும் டார்க் ஸ்விட்ச், கையால் சுற்ற ஒரு சக்கரம், அவ்வளவுதான். மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் கான்டாக்டரும், கரண்ட் அதிகமானால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும் தூரத்தில் பேனல் ரூமில் இருக்கும். எளிய அமைப்புதான். ஆனால் அந்த ஸ்விட்சுகள் ஒவ்வொன்றுக்கும் வயர் போக வேண்டும். நான்கு ஸ்விட்ச், மோட்டாருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட், ஈரம் தங்காமல் இருக்க ஹீட்டர், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் பொட்டென்ஷியோமீட்டர் என்று எண்ணினால் பதினைந்து கோர் (கேபிளுக்குள் ஓடும் தனித்தனி வயர்) வந்துவிடும். பக்கத்தில் லோக்கல் பட்டன் பெட்டி வைத்தால் இன்னும் நாலைந்து. பவர் கேபிள் தனி. ஒவ்வொரு கேபிளும் உள்ளே நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாண்ட். ஒவ்வொரு கிளாண்டும் உப்புத் தண்ணீருக்கு ஒரு வாசல். வால்வின் எல்லையை அரைச் சுற்று திருத்த வேண்டுமென்றாலும் மூடியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் கேமைத் திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருப்பி... அந்த அரை மணி நேரமும் கடற்காற்று நேராக உள்ளே போகிறது.

ஸ்மார்ட் ஆக்சுவேட்டரில் கான்டாக்டர் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நிலையை என்கோடர் எண்ணுகிறது, டார்க்கை சென்சார் அளக்கிறது, ஒரு சின்னத் திரை எல்லாவற்றையும் காட்டுகிறது. இன்ஃப்ராரெட் அல்லது புளூடூத் கருவியாலோ, மேலே இருக்கும் குமிழ்களாலோ செட்டிங் செய்துவிடலாம். மூடியைத் தொடவே வேண்டாம். இங்கிலாந்தின் ரோட்டார்க், ஜெர்மனியின் அவுமா (AUMA) போன்ற கம்பெனிகள் பல வருஷமாக இப்படிச் செய்கின்றன. டெர்மினல் அறைக்கும் எலக்ட்ரானிக்ஸ் அறைக்கும் நடுவே தனி சீல் இருப்பது இன்னொரு நன்மை. வயரிங் செய்பவர் ஒரு மூடியைச் சரியாக மூடாமல் போனாலும் உள் அறை பிழைத்துக்கொள்ளும். கடலோரத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பேன்.

இன்னொரு காரணத்தை ஒரு சேதத்துக்குப் பிறகுதான் கற்றேன். ஒரு ஐப்பசி மழையில் நான் வேலை பார்த்த ஆலையில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. மாற்றிக் கொடுத்து லைன் வந்தபோது ஃபேஸ் வரிசை மாறியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மூடியிருந்த கேட் வால்வுக்கு ‘ஓப்பன்’ கொடுத்தோம். மோட்டார் எதிர்த் திசையில் சுற்றி, ஏற்கெனவே மூடியிருந்த கதவை மேலும் இறுக்கியது. மூடும் திசையின் டார்க் ஸ்விட்ச் விழுந்தது உண்மைதான். ஆனால் அது மூடும் கான்டாக்டரின் சர்க்யூட்டில் மட்டுமே இருந்ததால், திறக்கும் கான்டாக்டரை நிறுத்தவில்லை. ஓவர்லோடு ரிலே டிரிப் ஆவதற்குள் வால்வின் தண்டு (ஸ்டெம்) வளைந்துவிட்டது. ‘அம்மா’ என்று ஒரு ஆள் முனகியது போல அந்த இரும்பு முனகியதை நானும் ஆபரேட்டரும் நின்று கேட்டோம். ஸ்மார்ட் வகைகளில் பொதுவாக ஃபேஸ் வரிசையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. நியாயமாகச் சொன்னால், பேனலில் ஃபேஸ் வரிசை மாறினால் ஓடவிடாத ஒரு ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே இருந்திருந்தாலும் அன்று அது நடந்திருக்காது. சாதாரண ஆக்சுவேட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நாளைக்கே அந்த ரிலே இருக்கிறதா என்று பாருங்கள்.

கடல்நீர் உள்ளே வரும் இன்டேக் வால்வுகளுக்கு ஸ்மார்ட் செய்யும் பெரிய உதவி டார்க் பதிவு. வால்வின் இருக்கையிலும் குழாயிலும் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டே போகும். சாதாரண வகைக்கு அது தெரியாது; ஒரு நாள் டார்க் ஸ்விட்ச் விழுந்து வால்வு பாதியில் நிற்கும்போதுதான் நமக்கே தெரியும். ஸ்மார்ட் வகையில், புதிதாகப் போட்ட அன்றே திறப்பதற்கும் மூடுவதற்கும் எந்த இடத்தில் எவ்வளவு டார்க் எடுக்கிறது என்று பதிந்து வைத்துவிடலாம். பிறகு மாதாமாதம் எடுத்து ஒப்பிட வேண்டும். தொடக்கத்தில் 40 சதவீதம் காட்டிய இடம் 60 காட்டினால், அடுத்த ஷட்டவுனில் அந்த வால்வைத் திறந்து சுரண்டியாக வேண்டும். வருத்தம் என்னவென்றால், இந்த வசதிக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு ஒரு தடவைகூடப் பதிவை எடுக்காத ஆலைகளே நான் பார்த்ததில் அதிகம்.

பட்டர்ஃபிளை வால்வு சட்டென்று மூடினால் நீண்ட குழாயில் தண்ணீர் சுத்தியலால் அடித்தது போல அடிக்கும். கடைசிப் பகுதியை மட்டும் நின்று நின்று மெதுவாக மூடும்படி ஸ்மார்ட் வகையில் செட் செய்யலாம். சாதாரண வகையில் அதற்குப் பேனலில் டைமர் வைத்துச் சமாளிக்க வேண்டும்.

சாதாரண வகையைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனம் வராது. ராத்திரி இரண்டு மணிக்கு அதில் கான்டாக்டர் எரிந்தால் விடிந்ததும் ராமநாதபுரம் பஜாரில் ஒன்று வாங்கி, காலை ஷிஃப்ட் முடிவதற்குள் மாட்டிவிடலாம். ஐடிஐ முடித்த பையன் வயரிங் படத்தைப் பார்த்து மீட்டர் வைத்துக் குறையைக் கண்டுபிடித்துவிடுவான். ஸ்மார்ட் வகையில் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் கார்டு போனால் புதுக் கார்டுதான். கையிருப்பு இல்லையென்றால் கம்பெனிக்கு எழுதி, ஆள் வந்து, கார்டு வந்து சேரும்வரை கைச்சக்கரம்தான் கதி. பெரிய கேட் வால்வை மே மாத வெயிலில் கையால் சுற்றித் திறந்தவருக்கு அது எவ்வளவு வேலை என்று தெரியும்.

இடி மின்னலிலும் எலக்ட்ரானிக்ஸ்தான் முதலில் அடிபடும். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் இல்லாத இடத்தில் ஸ்மார்ட் போடுவது வீண். இரண்டு வகைக்கும் பொதுவான தொல்லை வோல்டேஜ். மோட்டாரின் டார்க் வோல்டேஜின் இருமடிக்கேற்பக் குறையும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 350 வந்தால் சுமார் 71 சதவீத டார்க்தான் கிடைக்கும். மின் லைனின் கடைக்கோடியில் இருக்கும் ஆலைகள் ஒரு அளவு பெரிய ஆக்சுவேட்டர் வாங்குவது நல்லது.

கேபிள் கணக்கில் ஸ்மார்ட் பக்கம் லாபம். பவருக்கு ஒன்று, மோட்பஸ் என்ற தகவல் மொழியில் பேச இரண்டு கோர் ஷீல்டு கேபிள் ஒன்று, போதும். ஒரே மோட்பஸ் கேபிளில் பல வால்வுகளைக் கோத்துக்கொண்டு போகலாம். கரையிலிருந்து பேனல் ரூம் தூரமாக இருந்தால் விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கேயே திரும்பி வந்துவிடும்.

நான் முடிவெடுத்தால் ஆலை முழுக்க ஒரே வகை போடமாட்டேன். இன்டேக், பம்ப் டிஸ்சார்ஜ், கடலைப் பார்த்து நிற்கும் எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட். கூரைக்குக் கீழே, நாளுக்கு ஒன்றிரண்டு தடவை திறந்து மூடும் வால்வுகளுக்கு, டேங்க் வடிகாலுக்கு, சாதாரணமே போதும். ஸ்மார்ட் ஐந்துக்குமேல் வாங்கினால் ஒரு செட் கார்டு கையிருப்பும் அதே ஆர்டரில் வர வேண்டும். வாங்கிய பிறகு தனியாகக் கேட்டால் யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். வால்வில் உட்காரும் தட்டு (ஃபிளேஞ்ச்) ஐஎஸ்ஓ 5210 அல்லது 5211 அளவில் இருந்தால் நாளைக்குக் கம்பெனியோ வகையோ மாற்றும்போது அடாப்டருக்கு அலைய வேண்டாம். பெயிண்டை, கடுமையான அரிப்பைத் தாங்கும் ஐஎஸ்ஓ 12944இன் சி5 தரத்துக்குக் கேளுங்கள். வெளி போல்ட் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ்.

தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐபி68 குறி பெயர்ப்பலகையில் இருப்பதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆக்சுவேட்டர் வரும்போது கேபிள் நுழையும் ஓட்டைகளில் பிளாஸ்டிக் அடைப்பான் இருக்கும். அது லாரிப் பயணத்துக்கு மட்டும். பயன்படாத ஓட்டையில் அதை எடுத்துவிட்டு உலோக பிளக் போட்டு இறுக்க வேண்டும். வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் வெடித்து, அதன் வழியே மழைத் தண்ணீர் இறங்கி, விலை உயர்ந்த ஆக்சுவேட்டர் ஒன்று மூன்றாம் மாதமே செத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். திரைக்கு மேலே ஒரு சின்னத் தகடு வளைத்து நிழல் கொடுங்கள்; நம் வெயிலுக்கு அந்தக் கண்ணாடி மங்கிப்போகும். வாடை தொடங்குமுன், புரட்டாசியிலேயே, எல்லா கிளாண்டையும் ஒரு சுற்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.