ஸ்னாப்சீடா, லைட்ரூமா?

தனுஷ்கோடி போய்வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: படத்தைத் திருத்த எந்த ஆப்? ஸ்னாப்சீட், லைட்ரூம் இரண்டையும் நம்மூர் வெயிலில் வைத்தே சொல்கிறேன்.

செலவு: ஸ்னாப்சீட் இலவசம். லைட்ரூமில் அடிப்படை வேலைகள் இலவசம். படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் மாஸ்க் வேண்டுமென்றால் சந்தா.

பழக: ஸ்னாப்சீட் ஒரே மாலையில் கைவந்துவிடும். லைட்ரூமுக்குப் பொறுமை வேண்டும்.

வெளிச்சம்: வித்தியாசம் தெரிவது இங்கேதான். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தை உச்சிவெயிலில் எடுத்தால் மணல் வெளுத்து, சுவர் கருத்துவிடும். ஸ்னாப்சீடில் 'செலக்டிவ்' திறந்து, சுவரில் ஒரு புள்ளி வைத்து, விரலை வலப்பக்கம் இழுங்கள். சுவர் மட்டும் தெளியும். பவளக்கல்லின் பொத்தல்கள்கூடத் தெரியும். லைட்ரூம் ஆப்புக்குள்ளேயே இருக்கும் கேமராவில் ராவாக, அதாவது சுருக்காத மூலப் படமாக எடுத்திருந்தால், ஹைலைட்ஸைக் (மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்து மணலின் காற்றுவரிகளை ஓரளவு மீட்கலாம். எல்லாப் போனிலும் ராவ் வராது, பார்த்துக்கொள்ளுங்கள். அடியோடு வெளுத்துப்போனதை எந்த ஆப்பும் மீட்காது. அதனால் எடுக்கும்போதே திரையில் மணலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள்.

போனில் இடம்: ராவ் படம் ஒன்றே 20 எம்பியைத் தாண்டலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் என்றால் ஸ்னாப்சீடே போதும். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை விடியலைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட ஆசையா? சரி, லைட்ரூமைப் பழகுங்கள்.