ஊட்டிக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எங்களுடைய 34,500 ரூபாய் போன விதம்

நான் இலங்கையின் ஹட்டனிலிருந்து மேற்படிப்புக்காக ஊட்டிக்கு வந்திருக்கும் மாணவி. வெளிநாட்டு மாணவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, அறை பிடித்துக் கொடுத்து, ஊருக்குள் போய்வரவும் வழிசெய்து தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு முகமை, என் குடும்பத்திடம் 34,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, சொன்னதில் எதையுமே ஒழுங்காகச் செய்யாமல் கைவிரித்துவிட்டது. இன்று மாலை முதல் என் அழைப்பையும் எடுப்பதில்லை. அடுத்து வருபவர்களாவது தப்பிக்கட்டும் என்பதற்காக, நடந்ததையும் நீங்கள் கவனிக்க வேண்டியவற்றையும் எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து ஊட்டிக்கு வாடகைக் கார் 14,000, அறைக்கு முன்பணம் 12,000, வெளிநாட்டவர் பதிவுக்கு 5,000, 'மாணவர் உள்ளூர்ப் பயண அட்டை' 3,500 என்று பட்டியல் அனுப்பியிருந்தார்கள். அப்பா உடனே சம்மதிக்கவில்லை. காணொளி அழைப்பில் பேசிய பெண்ணிடம், 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் தாத்தாவின் தம்பி இந்தியாவுக்கு வந்து பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியதை அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது. "அப்ப நீங்க நம்ம சனமா! எங்க அம்மாவும் தலைமன்னார்ல கப்பலேறி வந்தவங்கதான். பிள்ளைய நான் பாத்துக்கிறேன், கவலப்படாதீங்க அண்ணே" என்றார். அதற்குமேல் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சேரம்பாடியில் இருக்கும் சித்தப்பா தன் கைபேசியிலிருந்தே முழுத்தொகையையும் அனுப்பினார். இலங்கைப் பணத்தில் அது ஒரு லட்சத்துக்கும் மேல். அம்மாவின் சீட்டுக் காசிலிருந்துதான் அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கப்பலேறி வந்தவர்களின் கதையைச் சொல்லி ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் பணத்தைப் பறித்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

திருச்சிக்கு வந்தது மஞ்சள் பலகை போட்ட வாடகைக் கார் அல்ல, யாரோ ஒருவரின் சொந்தக் கார். கல்லாறு சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தியபோது, நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) எடுக்காததற்கு அபராதம் என்று சொல்லி ஓட்டுநர் என்னிடம் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் இணையத்தில் அதைப் பதிவதற்குக் கட்டணமே கிடையாது என்பதைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு மூத்த மாணவியர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஊட்டியில் ஃபிங்கர்போஸ்ட் பக்கம் என்னை இறக்கிவிட்ட வீட்டின் உரிமையாளர், என் பெயரில் யாரும் முன்பணம் தரவில்லை என்றார். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. காரும் போய்விட்டது. அன்றிரவு கல்லூரி விடுதியில் இடம் கொடுத்த காப்பாளருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பயண அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் புகைப்படம், ஏதோ ஒரு முத்திரை, பார்கோடு எல்லாம் அச்சிட்டு, பளபளவென்று உறையிட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல்நாள் பேருந்தில் அதை நீட்டியபோது நடத்துநர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க அட்டையே இல்லைம்மா" என்று திருப்பித் தந்து, மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குள்ள இலவசப் பயணம் 2024இலேயே நீலகிரிக்கும் வந்துவிட்டது. இலவசமாகக் கிடைப்பதைத்தான் எனக்கு 3,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்!

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "சார் வெளியூர் போயிருக்கார்" என்றார்கள். பிறகு "ரெண்டாவது சீசன் முடியட்டும்மா, இப்ப மூச்சு விட நேரமில்ல" என்றார்கள். நேரில் போனால், அலுவலகம் என்று விளம்பரத்தில் போட்டிருந்த முகவரியில் சாக்லேட்டும் நீலகிரித் தைலமும் விற்கும் கடைதான் இருக்கிறது. என் பிள்ளையைப் போல என்று பேசிய அந்தப் பெண்ணோ, "நான் அங்கே சம்பளத்துக்கு இருந்தேன், இப்ப விட்டுட்டேன்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர்கள் 14 நாள்களுக்குள் செய்ய வேண்டிய வெளிநாட்டவர் பதிவுக்கும் 5,000 ரூபாய் வாங்கியவர்கள், விண்ணப்பத்தைத் தொடங்கக்கூட இல்லை. கெடு முடியும் தறுவாயில் கல்லூரி அலுவலகத்தார் உதவியதால் நானே இணையத்தில் பதிந்தேன். இல்லையென்றால் 34,500 ரூபாயோடு விசாச் சிக்கலும் சேர்ந்திருக்கும்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனநிலை இல்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அறைக்கான முன்பணத்தை வீட்டைப் பார்த்து, உரிமையாளரிடம் பேசிய பிறகே கொடுங்கள். தனி நபரின் கணக்குக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்திலிருந்து ஊட்டிக்கு அரசுப் பேருந்துகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றில் வரும் பயணிக்கு இ-பாஸ் தேவையில்லை. வெளிநாட்டவர் பதிவை உங்கள் கல்லூரி அலுவலகத்தைக் கேட்டு நீங்களே செய்யுங்கள்.

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதித்தால் கணக்கை முடக்குவது கடினம் என்கிறார்கள். சித்தப்பா புகார் பதிந்துவிட்டார். இதே மாதிரிப் பட்டியலும் உறையிட்ட அட்டையும் வேறு யாரிடமாவது இருந்தால், அவற்றையும் பணம் அனுப்பிய ரசீதையும் தொலைக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.